ஆபரேட்டர் அண்ணாச்சியின் நோட்டுப் புத்தகம்

எங்கள் நால்வருக்கும் இருபத்தைந்து வயதிலேயே சினிமாவைப் பற்றி அசைக்க முடியாத அபிப்பிராயங்கள் இருந்தன. அவற்றுள் பாதிக்கு மேல் நாங்கள் பார்த்திராத படங்களைப் பற்றியவை. ஒருவர் வங்கி ஊழியர், ஒருவர் தமிழாசிரியர், ஒருவர் தபால் துறை, ஒருவர் மருந்துக்கடை. திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய ஒரு மாடியறையில் ஞாயிறுதோறும் கூடுவோம். 1987-இலிருந்து 1992 வரை ஒரு சிற்றிதழ் நடத்தினோம். எட்டு இதழ்கள் வந்தன. இந்தக் கட்டுரையை ஒருவர் எழுத மற்ற மூவரும் திருத்தினோம் என்பதால் இதில் வரும் 'நாங்கள்' மரியாதைப் பன்மை அல்ல, நிஜப் பன்மை. தவறிலும் அப்படியே.

எங்களுடைய தராசு எளிமையானது. அழ வைக்காமல் துயரத்தைச் சொன்னால் கலை. அழ வைத்தால் வணிகம். சிரிக்க வைத்தால் அதைவிடக் கீழான வணிகம். பயமுறுத்துவது, துப்பறிவது, சாமி படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றுக்கு எங்கள் தராசில் தட்டே கிடையாது. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) படத்தைப் பற்றி இதழில் நான்கு பக்கம் எழுதினோம். பாட்டு இல்லாத தமிழ்ப்படம், 'ராஷோமோன்' பாணியில் பலர் பார்வையில் விரியும் கதை, இருளும் ஒளியுமாக ஒளிப்பதிவு என்றெல்லாம் புகழ்ந்தோம். முதல் காட்சியிலேயே கதாநாயகன் சுடப்பட்டு விழ, கொன்றவர் யார் என்று தேடிச் செல்லும் அப்பட்டமான துப்பறியும் படம் அது என்ற ஒன்றை மட்டும் அந்த நான்கு பக்கங்களில் எங்குமே குறிப்பிடவில்லை. குடும்பத்தில் யாரோ செய்த குற்றத்தை மறைப்பதுபோல அதை மறைத்தோம்.

அந்த நாட்களில் எங்களுடன் ஐந்தாவதாக ஒருவர் இருந்தார். ஊரில் ஒரு சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர். எங்களைவிட இருபது வயது மூத்தவர். நாங்கள் அண்ணாச்சி என்போம், அவர் எங்களைத் தம்பி என்பார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் கேபினில் ஒரு மூலையில், எண்ணெய்க் கறை படிந்த அட்டைப்பெட்டிக்குள், புதுமைப்பித்தனும் கு. அழகிரிசாமியும் இருந்தார்கள். நாங்கள் புனே ஆவணக் காப்பகத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பதினாறு மில்லிமீட்டர் படங்கள் வரவழைத்துத் திரையிடும்போதெல்லாம் கூலி எதுவும் வாங்காமல் எந்திரத்தை ஓட்டித் தந்தவர் அவரே.

அவருடைய வேலையைப் பார்க்க எங்களுக்கு அலுப்பதில்லை. கார்பன் குச்சிகள் இரண்டும் எரிந்து குறையக் குறைய அவற்றின் இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கவனம் பிசகினால் திரையில் கதாநாயகிக்கு மஞ்சள் காமாலை வந்துவிடும். ரீல் முடியும் தறுவாயில் திரையின் வலது மேல்மூலையில் ஒரு சின்ன வட்டம் தோன்றி மறையும். அடுத்த எந்திரத்துக்கு மாறுவதற்கான அடையாளம் அது. மற்றவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. கவனித்துப் பழகிவிட்டால் பிறகு நிம்மதியாகப் படம் பார்க்க முடியாது. அண்ணாச்சிக்கு அந்த வட்டமும் தேவைப்படவில்லை. ஒரே படத்தை நாளைக்கு நான்கு தடவை, மாதக்கணக்கில் ஓட்டுபவருக்குத் திரையைப் பார்க்க வேண்டிய அவசியம் முதல் வாரத்தோடு தீர்ந்துவிடுகிறது. அதன்பின் அவர் பார்த்ததெல்லாம் ஆட்களைத்தான். பார்த்தது என்பதைவிடக் கேட்டது என்பதே பொருத்தம். கேபினின் சிறு சதுரத் துவாரத்தில் காதை வைத்து இருட்டைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

1990-இன் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு மாலை, நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை அவர் எங்கள் முன் வைத்தார். 'எங்கே சிரிக்கிறார்கள்' என்று அட்டையில் எழுதியிருந்தது. உள்ளே ஸ்கேலால் கோடு கிழித்த கட்டங்கள். தேதி, காட்சி, ரீல் எண், பிறகு அவரே வகுத்துக்கொண்ட குறிகள். 'சி' என்றால் சிரிப்பு. 'சிசி' என்றால் அடுத்த வசனம் கேளாத அளவுக்குச் சிரிப்பு. 'மௌ' என்றால் மௌனம். 'இ' என்றால் இருமல். இருமலுக்கு எதற்கு ஒரு குறி என்று கேட்டோம்.

"படம் புடிச்சிட்டுன்னா ஆஸ்துமாக்காரன்கூட இரும மாட்டான் தம்பி. நூறு பேரு சேந்தாப்ல இருமுதாவன்னா அந்த எடத்துல டைரக்டரு கோட்ட விட்டுட்டாருன்னு அர்த்தம்" என்றார்.

கட்டங்களுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் ஒரு கட்டுரையும் இருந்தது. முந்தைய ஆண்டு வெளிவந்த 'கரகாட்டக்கார'னின் நூற்றுக்கணக்கான காட்சிகளையும், மறுவெளியீடாக வந்த 'காதலிக்க நேரமில்லை', 'அதே கண்கள்', 'தில்லு முல்லு' ஆகியவற்றையும் வைத்து எழுதியது. இதழில் போட வேண்டும் என்று கேட்டார். படித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னோம். இரண்டு வாரம் கழித்து, நேரில் சொல்லத் துணிவின்றி, ஒரே தெருவில் இருந்துகொண்டே அஞ்சலட்டை எழுதினோம். (தபால்துறை நண்பரே கொண்டுபோய்ச் சேர்த்தார்.) குறிப்புகள் சுவையாக இருப்பதாகவும், ஆனால் எங்கள் இதழ் தீவிரமான கலை வெளிப்பாடுகளுக்கானது என்றும், கேளிக்கைப் படங்களை ஆராய்வதற்கு வேறு இதழ்கள் உண்டு என்றும் எழுதியதாக நினைவு. வேறு இதழ்கள் எவை என்று குறிப்பிடவில்லை. அப்படி எதுவும் அப்போது இல்லை.

அவர் சண்டை போடவில்லை. நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த திரையிடலுக்கு வரவில்லை. அன்றைக்கு 'பதேர் பாஞ்சாலி'. துர்காவும் அப்புவும் நாணல் பூத்த வெளியில் ஓடி ரயிலைப் பார்க்கும் கட்டத்துக்குச் சற்று முன்பாக ஃபிலிம் அறுந்தது. ஒட்டத் தெரிந்தவர் எங்கள் நால்வரில் இல்லை. திருநெல்வேலிக்கு அன்று அந்த ரயில் வரவேயில்லை.

*

அந்த நோட்டில் என்ன இருந்தது என்பதை இப்போது நாங்கள் நால்வரும் ஞாபகத்திலிருந்து கூட்டிச் சேர்க்க முயல்கிறோம். கொஞ்சம்தான் தேறுகிறது.

'காதலிக்க நேரமில்லை' (1964) பற்றி எழுதியிருந்தார். ஸ்ரீதர் படம். நாகேஷ் தான் எடுக்கப்போகும் படத்தின் பேய்க்கதையை அப்பா பாலையாவிடம் சொல்லும் காட்சி தமிழில் எல்லோருக்கும் தெரியும். கதவு கிறீச்சிடுவது முதல் எல்லா ஓசைகளையும் நாகேஷ் வாயாலேயே எழுப்புவார். எங்களைப் போன்றவர்கள் அதை நாகேஷின் காட்சி என்போம். அண்ணாச்சியின் கணக்குப்படி 'சிசி' விழுந்த இடங்களில் பெரும்பாலானவை நாகேஷ் பேசும்போது அல்ல, பாலையா ஒன்றும் பேசாமல் விழிக்கும்போது. நாகேஷ் பயமுறுத்துகிறார், பாலையா பயப்படுகிறார், அந்தப் பயம் நீடிக்கும் சில விநாடிகளில் கொட்டகை சிரித்து முடித்துவிடுகிறது, அடுத்த வார்த்தை தெளிவாகக் கேட்கிறது. சிரிப்பதற்கு இடம் விட்டு எடுத்த படம் என்று எழுதியிருந்தார். இடம் விடாமல் எடுத்த படங்களில் ஜனங்கள் ஒரு நகைச்சுவைக்குச் சிரித்தே அடுத்ததைத் தவறவிடுகிறார்கள் என்றும், நஷ்டம் எழுதியவருக்குத்தான் என்றும்.

பின்னாளில் 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) பார்த்தபோது இது எங்களுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கிரேசி மோகன் வசனம் எழுதிய அப்படத்தை நாங்கள் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல் பார்த்தோம். நான்கு கமல்ஹாசன்களை எங்களில் நான்கு பேர் நான்கு கொட்டகைகளில் ரகசியமாகப் பார்த்தது அப்படத்துக்கே ஒரு துணைக்கதையாகச் சேர்ந்திருக்கலாம். அதன் வசனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவன. இடமே விடாதவை. அண்ணாச்சியின் விதிப்படி அது தோற்க வேண்டும். ஆனால் தவறவிட்டதைப் பிடிக்க மறுபடி மறுபடி பார்க்க வைக்கிறது என்பதால் ஜெயிக்கிறது. விதிவிலக்கைப் பற்றி அவரோடு வாதாடியிருக்கலாம். அதற்கான உரிமையை நாங்கள் ஓர் அஞ்சலட்டையில் இழந்திருந்தோம்.

பேய்ப்படங்களையும் மர்மப்படங்களையும் பற்றி அவர் எழுதியது சில வரிகள். ஆனால் அவற்றில் ஒன்று இன்றுவரை உதவுகிறது. ஏ. சி. திருலோகசந்தரின் 'அதே கண்கள்' (1967) ஓடும்போது, சத்தம் வரும் இடத்தில் ஜனங்கள் துள்ளுகிறார்கள், சத்தம் நின்ற இடத்தில்தான் பயப்படுகிறார்கள் என்று குறித்திருந்தார். துள்ளுவதற்கு ஒரு குறியும் பயப்படுவதற்கு வேறொரு குறியும் போட்டிருந்தார். தமிழில் அண்மைக் காலம்வரை வந்த பேய்ப்படங்களில் பெரும்பாலானவற்றை இந்த ஒரே அளவுகோலால் பிரித்துவிடலாம். 'காஞ்சனா' (2011) துள்ள வைக்கும் படம். அதில் சரத்குமார் ஏற்ற திருநங்கைப் பாத்திரம் வரும் பகுதி மட்டும் வேறொரு படத்திலிருந்து வந்து சேர்ந்ததுபோல மனத்தில் நிற்கிறது. மற்றதெல்லாம் ஒலிபெருக்கியின் வீரம்.

இங்கே தொலைக்காட்சிக்குத் தாவ வேண்டியிருக்கிறது. ஏனெனில் எங்களை உண்மையிலேயே பயமுறுத்தியது ஒரு தொடர். தொண்ணூறுகளின் பிற்பாதியில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கியது. குற்றம் செய்பவனைக் கருப்பு தண்டிக்கிறது என்று நம்பும் கிராமம், நம்பாத டாக்டர்கள், இடையே குதிரைக் குளம்படிச் சத்தம். சுடலைமாடன் பீடங்களுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு அது கதையாகவே இல்லை. எங்களில் தமிழாசிரியர் பகுத்தறிவுவாதி. பள்ளியில் மூடநம்பிக்கை ஒழிப்புப் பற்றி ஆண்டுதோறும் பேசுகிறவர். அந்தத் தொடர் வந்த நாட்களில் சமையலறை விளக்கை அணைக்காமல் படுத்தார் என்பதை அவர் மனைவி சொல்லித்தான் அறிந்தோம். (இவ்வரியை நீக்கும்படி அவர் கேட்டார். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் நிலைத்தது.) ஆனால் அந்நாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினோமா? மூன்று மணிநேரக் கொட்டகைச் சினிமாவையே படிநிலையில் கீழே வைத்தவர்களுக்கு, வாரம் அரைமணி நேரம் விளம்பரங்களுக்கிடையே வரும் ஒன்றை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தொலைக்காட்சி எங்கள் பக்கம் வந்த கதையே கொஞ்சம் விசித்திரமானது. சென்னையில் 1975-இல் தூர்தர்ஷன் தொடங்கியபோதும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் அது எட்டவில்லை. எண்பதுகளில் எங்கள் மொட்டைமாடி ஆன்டெனாக்கள் தென்கிழக்கே திரும்பி இலங்கை ரூபவாஹினியைத் தேடின. கொடைக்கானல் மலைமேல் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பின்னரே சென்னை தெளிந்தது. கையோடு ராமானந்த் சாகரின் 'ராமாயண'மும், 1988 அக்டோபரிலிருந்து 1990 ஜூன் வரை பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரத'மும் வந்தன. எங்கள் இதழில் அதைப் பற்றி ஒரு வசை மட்டும் வெளியிட்டோம். ஜிகினாக் கிரீடங்கள், வானில் முட்டிக்கொள்ளும் அம்புகள், புரியாத இந்தி. அத்தனையும் உண்மைதான். ஆனால் ஞாயிறு காலையில் தெருவே ஒரு வீட்டில் கூடியிருக்க, அந்த வீட்டு ஆச்சி ஒருத்தி, இந்தியில் ஓர் எழுத்தும் அறியாதவள், அடுத்து என்ன நடக்கும் என்பதைத் தன் கதையாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பாள். திரையில் திரௌபதி சபைக்கு வரும் முன்பே ஆச்சி துரியோதனனைத் திட்டி முடித்திருப்பாள். கூத்திலும் வாய்மொழியிலும் வந்த பாரதம் பம்பாயிலிருந்து வந்த பாரதத்தின்மேல் ஏறி அமர்ந்துகொண்டது. ராஹி மாசூம் ராசா எழுதிய வசனத்தின் கம்பீரத்தை இந்தி அறிந்தவர்கள் இன்றும் சிலாகிக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு அதை எழுதியவள் அந்த ஆச்சிதான். நாங்கள் அவள் குரலை ஒரு வரிகூடக் குறித்துவைக்கவில்லை. அண்ணாச்சியாக இருந்தால் கட்டம் போட்டிருப்பார்.

*

உண்மையில் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது வேறொன்று. அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மருந்துக்கடை நண்பருக்கு ஓர் அக்கா. திருமணமாகி நான்காம் ஆண்டில், கைக்குழந்தையோடு, நகைக் கணக்கில் ஏதோ குறைவு என்று சொல்லப்பட்டு, பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். திரும்ப அழைக்க யாரும் வரவில்லை. இதைப் பற்றி அக்கா எங்கள் யாரிடமும் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. இதழ் நின்ற பிறகும் அவர்கள் வீட்டுக் கூடத்தை ஒட்டிய அறையில் நாங்கள் கூடிப் பேசுவது தொடர்ந்தது. 2002-இலிருந்து 2005 வரை சன் டிவியில் 'மெட்டி ஒலி' வந்தது. திருமுருகன் இயக்கியது. தாயில்லாத ஐந்து பெண்கள், ஒரு தகப்பன், ஒவ்வொருத்தியும் போன வீடுகள், 800-க்கும் மேற்பட்ட பகுதிகள். அந்நேரத்தில் அக்காவை யாரும் எதற்கும் அழைக்க முடியாது.

அக்கா தொடரைப் பார்ப்பதில்லை, அதனோடு பேசிக்கொண்டிருப்பார். மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட மகளைக் கண்டு திரையில் அந்தத் தகப்பன் தலைகுனிந்து நின்றால், "ஏம்ப்பா குனியுதிய, நிமிந்து ரெண்டு வார்த்த கேளுங்களேன்" என்று இங்கிருந்து குரல் கொடுப்பார். அடுத்த அறையில் நாங்கள் ஏதோ ஒரு நாவலின் கட்டமைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். ஒரு நாள் எங்களில் ஒருவர், யார் என்பதை நால்வரும் சேர்ந்து மறந்துவிட்டோம், "அக்கா, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வைங்களேன்" என்றார். அக்கா குறைத்தார். அதன்பின் நாங்கள் போகும் நாட்களில் சத்தமே வைக்காமல் படத்தை மட்டும் பார்த்தார். பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

எங்கள் திரையிடல்களில் அதிகத் தடவை ஓடிய படம் 'உதிரிப்பூக்கள்' (1979). மகேந்திரன் படம். கதையின் விதை புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. திருநெல்வேலிக்காரர்களான எங்களுக்கு அதில் கூடுதல் பெருமை. அது பெரிய படம் என்பதில் இன்றும் எங்களுக்கு ஐயமில்லை. அசோக்குமாரின் ஒளிப்பதிவும், கடைசியில் ஊரே ஆற்றங்கரையில் ஒரு மனிதனுக்குத் தண்டனை சொல்லி நிற்பதும் எத்தனை தடவை பார்த்தாலும் குறையாதவை. ஆனால் அண்ணாச்சி அப்போதே ஒன்று சொன்னார். "கலைப்படம் கலைப்படம்ங்கிய. இது நம்ம கொட்டகையில பெஞ்சு டிக்கெட்டுக்காரன் முண்டியடிச்சுப் பாத்த படம்லா." நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. சிற்றன்னை என்ற சொல்லுக்கு நாங்கள் எழுந்து நின்றோம். 1999-இல் தொடங்கி வீடுதோறும் ஓடிய ராதிகாவின் 'சித்தி'யைக் கேலி செய்தோம். இரண்டும் ஒரே சொல். ஒன்று வேட்டி கட்டியிருந்தது, மற்றொன்று அடுக்களையில் இருந்தது. அவ்வளவே. (புதுமைப்பித்தனே கடைசி நாட்களில் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனே போனவர் என்பதையும், அங்கிருந்து நோயோடு திரும்பி 1948-இல் மறைந்தார் என்பதையும் நாங்கள் எப்போதும் ஒரு கலைஞனைச் சினிமா தின்ற கதையாக மட்டுமே சொல்லிவந்தோம். அவருக்குச் சினிமாமேல் ஆசையும் இருந்திருக்கலாம் என்று யோசித்ததில்லை.)

இதனால் தொடர்கள் எல்லாம் இலக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஓர் அதிர்ச்சிச் செய்திக்குக் கூடத்திலுள்ள எட்டு முகங்களையும் முறைக்கு மூன்று தடவை இடி முழக்கத்தோடு காட்டும் வழக்கம் எந்தத் தராசிலும் நிற்காது. பொட்டின் அளவை வைத்துக் கொடுமைக்காரியை அடையாளம் காட்டுவதும், கெட்ட காரியங்களை எல்லாம் பெண்களிடமே ஒப்படைத்துவிட்டு ஆண்களை அப்பாவிகளாக உலவ விடுவதும் எங்களுக்கு இன்றும் எரிச்சலூட்டுகின்றன. ஆனால் தொடருக்கென்று ஒரு வேலை இருக்கிறது. சினிமாவால் அதைச் செய்ய முடியாது. ஒரு துன்பம் தினமும் நடப்பது, நேற்று நடந்தது இன்றும் நடப்பது, தீராமல் இருப்பது. இரண்டரை மணி நேரத்தில் அதைச் சொல்ல முடியாது. அக்காவின் நாட்கள் 'உதிரிப்பூக்கள்'போல ஓர் ஆற்றங்கரையில் முடியவில்லை. அவை 'மெட்டி ஒலி'போலத் தொடர்ந்தன.

இதை எங்களுக்கு முன்பே புரிந்துகொண்ட ஒரு படம் உண்டு. அதுவும் ஒரு பேய்ப்படம். விக்ரம் குமார் இயக்கி, பி. சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த 'யாவரும் நலம்' (2009). புது அடுக்ககத்துக்குக் குடிவரும் குடும்பத்தின் பெண்கள் மதியம் ஒரு மணிக்கு ஒரு தொடர் பார்க்கிறார்கள். தொடரில் நடப்பதெல்லாம் தன் வீட்டில் நடப்பதை மாதவன் மெல்ல உணர்கிறார். வீட்டுப் பெண்கள் பார்ப்பதை ஓர் ஆண் முதன்முதலாக உட்கார்ந்து கவனித்துப் பார்ப்பதே அந்தப் படத்தின் பயங்கரம். சத்தம் குறைவு, மௌனம் அதிகம். அண்ணாச்சி இருந்திருந்தால் துள்ளுவதற்கான குறியை அதிகம் செலவழித்திருக்க மாட்டார்.

2020-இல் ஊரடங்கின்போது எல்லோரும் வீட்டுக்குள் அடைந்திருக்க, 'மெட்டி ஒலி'யை மதியத்தில் மறுபடி ஒளிபரப்பினார்கள். நாங்கள் நால்வரும், ஓய்வுபெற்றவர்கள், தத்தம் வீட்டில் முதன்முறையாக அதை முழுதாகப் பார்த்தோம். இந்தத் தடவை ரகசியம் இல்லை. தொலைபேசியில் ஒருவருக்கொருவர் கதை பேசினோம். கட்டுப்பாடு தளர்ந்ததும் மருந்துக்கடை நண்பர் வீட்டுக்குப் போய் அக்காவோடு உட்கார்ந்து பார்த்தோம். சத்தத்தை நன்றாகவே வைத்தோம். ஏதோ ஒரு பிராயச்சித்தம் நடந்துகொண்டிருப்பதாக எங்களுக்கு நினைப்பு. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்பப் பாத்தா ரொம்ப இழுக்கான்லா" என்று எழுந்து துணி மடிக்கப் போய்விட்டார்.

*

அண்ணாச்சியைத் தேடிப் போகும் எண்ணம் அப்போதுதான் வந்தது. கொட்டகை இடிபட்டுக் கல்யாண மண்டபமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஃபிலிம் பெட்டிகளின் காலமும் முடிந்துவிட்டது. அவர் பாளையங்கோட்டையில் மகள் வீட்டில் இருந்தார். எண்பதை நெருங்கியவர். கண்பார்வை மங்கிவிட்டது, காது மட்டும் பழுதில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து நால்வரும் ஒன்றாகப் போய் நின்றபோது எங்கள் குரலை வைத்து ஒவ்வொருவராக அடையாளம் சொன்னார்.

நோட்டைப் பற்றிக் கேட்டோம்.

"அதா? எடுத்துட்டுப் போனேன்லா, பொறவு மீதிப் பக்கத்துல அவ பால்கணக்கு எழுதுனா. கணக்குத் தீந்ததும் எங்க போச்சோ" என்றார். மறைந்த மனைவியைத்தான் சொன்னார். குரலில் வருத்தமும் இல்லை, குத்தலும் இல்லை. அதுதான் எங்களுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு வாக்கியம் தயாரித்துக்கொண்டு போயிருந்தோம். தமிழாசிரியர் அதைத் தொடங்கினார். அண்ணாச்சி அதை முடிக்க விடாமல், "டீ குடிக்கியளா, காப்பியா?" என்று கேட்டார்.

மறுபடி எழுதலாமே, நாங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறோம் என்றோம். சிரித்தார். ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்தால்தானே கணக்கு எடுக்க முடியும், இப்போது ஆளுக்கொரு போனைக் காதில் செருகிக்கொண்டு தனித்தனியாக அல்லவா சிரிக்கிறார்கள் என்றார். அதை எங்களால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2001-இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலுவின் தலையில் விழுந்த சுத்தியலுக்காக 2019-இல் எங்கெங்கோ இருந்தவர்கள் ஒரே நாளில் நேசமணிக்குப் பிரார்த்தித்தார்கள். அதுவும் ஒரு கொட்டகைதான், சுவர் மட்டும் இல்லை என்றோம். வடிவேலுவைப் பற்றி அவருக்கு ஏற்கனவே ஓர் அபிப்பிராயம் இருந்தது. 'வின்னர்' (2003) அவர் ஓட்டிய கடைசிப் படங்களில் ஒன்றாம். அடி வாங்குவதில் ஜனங்கள் சிரிப்பதில்லை, அடி வாங்கிவிட்டு ஒன்றுமே நடவாததுபோல வேட்டியைச் சரிசெய்துகொண்டு தெருவில் நடப்பதில்தான் சிரிக்கிறார்கள் என்றார். இந்த ஊரில் யார்தான் அப்படி நடந்து வீட்டுக்குப் போகவில்லை என்றார்.

அதன்பின் மாதம் ஒருமுறை போகிறோம். இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அவரிடம்தான் முதலில் வாசித்துக் காட்டினோம். அஞ்சலட்டை விஷயம் வரும்போது ஒன்றும் சொல்லவில்லை. 'அந்த நாள்' பற்றிய பகுதிக்கு லேசாகச் சிரித்தார். அக்காவின் பகுதியில் இருமவில்லை, கவனித்தோம். முடிந்ததும் ஒரே ஒரு குறை சொன்னார். 'கரகாட்டக்கார'னை இவ்வளவு தூரம் பேச்சில் இழுத்துவிட்டு வாழைப்பழக் காட்சியைப் பற்றி ஏன் எழுதவில்லை?

அதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதிவிட்டார்களே என்றோம். கவுண்டமணி இரண்டு பழத்துக்குக் காசு கொடுத்து அனுப்ப, செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதோடு வந்து நிற்க, மீதி ஒன்று எங்கே என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதிலுக்குத் தமிழ்நாடே சிரித்தது என்பது ஊரறிந்த விஷயம்.

"அதான் இல்ல" என்றார் அண்ணாச்சி. "மொத வாரம் பதிலுக்குச் சிரிச்சாவ. ரெண்டாவது வாரம் கேள்விக்கே சிரிச்சாவ. மூணாவது வாரத்துல, செந்தில் வந்து நிக்கப்பவே, ஒண்ணும் பேசல, மூஞ்சியப் பாத்து கொட்டக அதிரும். நாலாவது வாரம்..." என்று நிறுத்தி, எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, "பேனா வச்சிருக்கியளா?" என்று கேட்டார்.